எந்த ‘ன’, சார்?

அஞ்சாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் டிக்டேஷன். பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் ‘சொல்வதெழுதுதல்’. ஆனால் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியே “மனம்” என்பார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, “எந்த ‘ன’ சார்? மூணு சுழியா, ரெண்டு சுழியா?” என்பான். “அதையும் நானே சொல்லிட்டா அப்புறம் எதுக்குடா டிக்டேஷன்?” என்பார் சார். வகுப்பே சிரிக்கும். கேட்டவன் ஏதோ ஒரு சுழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வான்.

ரொம்ப நாள் நானும் அதை அசட்டுக் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ‘அரம்’, ‘அறம்’ இரண்டும் ஒரே ஒலிதான். ‘இரை’, ‘இறை’யும் அப்படியே. வாயில் இல்லாத வித்தியாசத்தைக் காது எங்கிருந்து கண்டுபிடிக்கும்? எந்த எழுத்தைப் போடுவது என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. ஆக, “எந்த ன சார்?” என்று கேட்ட பையன் உண்மையில் கேட்டது, “நீங்க எதைச் சொல்றீங்க சார்?” என்பதைத்தான். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.

இதை இப்போது எழுதக் காரணம், அண்மையில் அடுத்தடுத்து படித்த மூன்று புத்தகங்கள். மூன்றையும் எழுதியவர்கள், வாழ்க்கையின் ஒரு பகுதியை இன்னொருவர் சொல்லச் சொல்ல எழுதிக் கழித்தவர்கள். தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னா, ஹென்றி ஜேம்ஸின் தட்டச்சாளர் தியோடோரா போசன்கெட், நம் உ.வே.சாமிநாதையர். மூன்றையும் சேர்த்து வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. டிக்டேஷன் நடக்கிற இடத்தில் எப்போதும் இரண்டு பிரதிகள் உருவாகின்றன. ஒன்று தாளில். இன்னொன்று எழுதுகிறவர் காதில். நாம் முதலாவதை மட்டுமே இலக்கியம் என்கிறோம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வியாசர் பாரதம் சொல்ல, விநாயகர் எழுதுகிறார். “என் எழுதுகோல் நிற்கக்கூடாது” என்பது விநாயகர் போட்ட நிபந்தனை. “பொருள் புரியாமல் எதையும் எழுதக்கூடாது” என்பது வியாசரின் பதில் நிபந்தனை. அடுத்ததை யோசிக்க அவகாசம் வேண்டியபோதெல்லாம் வியாசர் முடிச்சுப் போட்ட சுலோகம் ஒன்றைச் சொல்ல, விநாயகர் ஒரு கணம் நின்று யோசிக்கிறார். புனேயின் பண்டார்க்கர் நிறுவனம் கொண்டுவந்த ஆய்வுப் பதிப்பில் இந்தக் கதை மூலத்தில் கிடையாது. 1933இல் ஆதி பருவத்தைப் பதிப்பித்த சுக்தங்கர் இதைப் பிற்சேர்க்கை என்று கண்டு மூலத்திலிருந்து விலக்கிவிட்டார். பதிப்பாசிரியராக அவர் செய்தது சரி. ஆனால் இதை நுழைத்த பெயர் தெரியாத அந்த ஆள் டிக்டேஷன் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர். சொல்கிறவருக்கு வேகம் பிரச்சினை, எழுதுகிறவருக்குப் பொருள் பிரச்சினை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கேதான் காவியத்தின் அடுத்த வரி பிறக்கிறது. எழுதுகிறவர் யோசிக்காவிட்டால் சொல்கிறவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்காது.

சொல்லைப் பார்த்தாலும் இது கொஞ்சம் விளங்கும். டிக்டேஷனுக்கு மூலம் ‘டிக்தாரே’ என்ற லத்தீன் வினை. திரும்பத் திரும்பச் சொல்லுதல், சொல்லி எழுதவைத்தல் என்று பொருள். சர்வாதிகாரியைக் குறிக்கும் டிக்டேட்டரும் அதே வேர்தான். இடைக்காலத்தில் அந்த வினைக்கு ‘இயற்றுதல்’ என்ற பொருளும் சேர்ந்தது. கவிதை இயற்றுவதற்கு ஜெர்மனில் இன்றும் வழங்குகிற ‘டிஹ்டன்’ என்ற சொல் அதிலிருந்து வந்ததே. நம்மிடமும் “அவர் நூறு பாட்டுச் சொன்னார்” என்றால் இயற்றினார் என்றுதான் அர்த்தம். ஆணையிடுவதும் இயற்றுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எழுதுகிறவர் மட்டும் அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை.

ஆணை மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு மில்டன் வீடு உதாரணம். 1652 வாக்கில் மில்டனுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667இல் வந்தது. இரவில் மனதில் கட்டிவைத்த வரிகளைக் காலையில் இறக்கிவைப்பார். எழுதும் ஆள் வரத் தாமதமானால், பால் கறக்க ஆள் வரவில்லையே என்கிற மாதிரி முறையிடுவாராம். முன்காச்சி என்ற ஹங்கேரிய ஓவியர் இதைப் பெரிய ஓவியமாக வரைந்திருக்கிறார். நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. குருட்டுத் தந்தை சொல்கிறார், மகள்கள் பயபக்தியோடு கேட்டு எழுதுகிறார்கள். உருக்கமான படம். ஆனால் காவியத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் உதவியாளர்களும் மாணவர்களும் மருமகனும்தான். முதல் காண்டத்தின் கைப்பிரதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் ஓர் எழுத்தரின் கையெழுத்தில் இருக்கிறது. மகள்களுக்குக் கிடைத்தது வேறு வேலை. இளைய மகள்கள் இருவரும் அப்பாவுக்குக் கிரேக்கமும் லத்தீனும் ஹீப்ருவும் வாசித்துக் காட்டவேண்டும். உச்சரிக்க மட்டும் பழக்கியிருந்தார், பொருள் சொல்லித்தரவில்லை. வியாசர் போட்ட நிபந்தனையை மில்டன் தலைகீழாகப் போட்டார் என்று சொல்லலாம். கடைசி மகள் டெபோரா முதிய வயதில், தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் ஹோமரிலிருந்தும் ஓவிடிலிருந்தும் வரிகளை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். இதை அப்பாவின் பெருமைக்குச் சான்றாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. பொருள் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் நாக்கில் ஐம்பது வருஷம் ஒட்டிக்கிடந்த ஒலி அது.

இதற்கு நேரெதிர் அன்னா. கதை பலருக்கும் தெரியும். மலையாளத்தில் பெரும்படவம் ஸ்ரீதரன் இதை வைத்து 1993இல் ‘ஒரு சங்கீர்த்தனம் போலே’ என்று நாவலே எழுதினார். ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் தஸ்தயேவ்ஸ்கி மூவாயிரம் ரூபிளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுத்துகளைக் காசு கொடுக்காமல் பதிப்பாளர் வெளியிட்டுக்கொள்ளலாம். அக்டோபர் தொடக்கத்தில் கையில் ஒரு பக்கம்கூட இல்லை. நண்பர்கள், ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்தார். அப்புறம்தான் சுருக்கெழுத்து யோசனை. அக்டோபர் 4ஆம் தேதி இருபது வயது அன்னா வந்து சேர்ந்தார். பகலில் அவர் சொல்வார், இவர் சுருக்கெழுத்தில் எடுப்பார். இரவு வீட்டில் அதை விரித்து எழுதி மறுநாள் கொண்டுவருவார், அவர் திருத்துவார். இருபத்தாறு நாளில் ‘சூதாடி’ முடிந்தது. ஒப்படைக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கவேண்டியதாயிற்று.

இதைக் காதல் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். 1867 பிப்ரவரியில் கல்யாணமும் நடந்தது, அதனால் குற்றம் சொல்லமுடியாது. அன்னாவின் நினைவுக்குறிப்பைப் படிக்கும்போது எனக்கு வேறு இரண்டு இடங்கள் முக்கியமாகப் பட்டன. முதல் நாள் சோதனைக்காக ஒரு பத்தியைச் சொல்லி எழுதவைக்கிறார். விரித்து எழுதியதைப் பார்த்து, ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிற்று, ஓர் எழுத்து தெளிவாக இல்லை என்று சிடுசிடுக்கிறார். அச்சு அசல் நம்ம டிக்டேஷன் சார்! இரண்டாவது இடம் நாவல் பாதி வளர்ந்தபிறகு வருகிறது. இப்போது அன்னாவுக்குக் கருத்து இருக்கிறது. சூதாடும் பாட்டியையும் மிஸ்டர் ஆஸ்ட்லியையும் பிடிக்கிறது. நாயகனின் பலவீனத்தை மன்னிக்க முடியவில்லை. அதை அவரிடமே சொல்லவும் சொல்கிறார். அவரோ முழுக்க நாயகன் பக்கம். சொல்கிறவரும் சூதாடி என்பது அன்னாவுக்கு முழுதாக உறைக்க இன்னும் சில மாதம் ஆகும்.

முற்றுப்புள்ளிக்குத் திட்டு வாங்கியவர் சில வாரத்தில் பாத்திரத்தோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டார். அந்த அவசரத்திலும் நாவல் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. முகத்துக்கு நேரே உட்கார்ந்து “இவனை எனக்குப் பிடிக்கல” என்று சொல்கிற வாசகர் எத்தனை எழுத்தாளருக்கு வாய்க்கும்? அந்த நாவலே ஒருத்தன் தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிற வடிவம். மூச்சிரைக்கிற அந்தக் குரலுக்கு எதிரில் ஒரு காது இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வெளிநாட்டில் இருந்த காலத்தில் அன்னா நாட்குறிப்பு எழுதினார், சுருக்கெழுத்தில். கணவரால் படிக்க முடியாது என்பது அதில் ஒரு வசதி. பின்னாளில் அவரே ஒரு பகுதியை விரித்து எழுதியபோது நிறைய இடங்களை மென்மையாக்கிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து லெனின்கிராடைச் சேர்ந்த ஒரு பெண் சுருக்கெழுத்தாளர் மூலத்தைப் பிரித்துப் படித்தபோதுதான் சூதாட்ட நாட்களின் கோபமும் பயமும் முழுதாக வெளியே வந்தன. அவருக்காகக் கற்ற எழுத்தே அவரிடமிருந்து மறைத்துக்கொள்ளவும் உதவியது. அன்னாவின் நினைவுக்குறிப்பை நான் முழுசாக நம்பாததற்கும் இதுதான் காரணம். காதில் தங்கிய பிரதியையும் ஒருவர் தாளுக்குக் கொண்டுவரும்போது திருத்தத்தான் செய்கிறார்.

ஹென்றி ஜேம்ஸின் கதையில் காதல் இல்லை, எந்திரம் இருக்கிறது. 1897இல் மணிக்கட்டு வலி தாங்காமல் சொல்லி எழுதவைக்கத் தொடங்கினார். முதலில் சுருக்கெழுத்து, சீக்கிரமே நேராகத் தட்டச்சு. 1907இலிருந்து கடைசிவரை இருந்தவர் தியோடோரா போசன்கெட். இவர் வேலைக்கு வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓர் அலுவலகத்தில் கடலரிப்பு பற்றிய அரசாங்க அறிக்கைக்குப் பொருளடைவு தயாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ ‘தி அம்பாசடர்ஸ்’ நாவலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. விசாரித்தால், ஜேம்ஸிடம் வேலைக்குப் போகிறவர்களுக்கான பயிற்சி. அந்த எழுத்துமேல் இருந்த ஆசையில் தட்டச்சு கற்றுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஆக, வாசகராக இருந்து எழுத்தராக ஆனவர்.

அவர் 1924இல் எழுதிய சிறிய நூலில், ரெமிங்டன் எந்திரத்தின் சத்தம் இல்லாமல் ஜேம்ஸுக்கு வாக்கியம் ஓடாது என்கிறார். ஒருமுறை வேறு எந்திரம் வைத்தபோது, சத்தமே போடாத அதனிடம் பேச அவருக்குத் தடுமாற்றமாக இருந்ததாம். ஜேம்ஸின் பிற்கால நடை நீண்டு நீண்டு போவதற்கு டிக்டேஷன்தான் காரணமா என்று விமர்சகர்கள் நிறைய விவாதித்தாகிவிட்டது. ஓரளவு இருக்கலாம். ஆனால் பேசுவதால் நீண்டது என்பதைவிட, பதில் சத்தம் வந்ததால் நீண்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. “உம்” கொட்ட ஆள் இருந்தால் கதை சொல்கிறவர் நிறுத்தமாட்டார் இல்லையா, அதுமாதிரி. 1915 டிசம்பரில் பக்கவாதம் வந்து நினைவு கலங்கிய நிலையிலும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தன்னை நெப்போலியனாக நினைத்து ஒரு கடிதம்கூடச் சொன்னார். போசன்கெட் அதையும் தட்டச்சு செய்தார். பொருள் புரிந்துதான் எழுதவேண்டும் என்ற நிபந்தனை அங்கே உடைந்துபோயிற்று. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை.

மூன்றாவது உ.வே.சா. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறார். பிள்ளை 1876இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐந்து வருஷம் உடன் இருந்தார். பிள்ளை தலபுராணங்களை மனதிலேயே கட்டிச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுத்தாணியால் எழுதுவார்கள். ஓலையில் எழுதுவது சும்மா இல்லை. புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எகர ஏகார வேறுபாடு இல்லை. ‘எரி’யும் ‘ஏரி’யும் பார்வைக்கு ஒன்றுதான். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. யாப்பும் பொருளும் தெரியாத கையால் அந்த வேகத்துக்கு எழுதவும் முடியாது, எழுதியதைத் திருப்பி வாசிக்கவும் முடியாது. அங்கே டிக்டேஷனே பாடமாகவும் இருந்தது. ஒரு செய்யுள் எப்படி உருவாகிறது என்பதை எழுத்தாணி பிடித்தவன் உள்ளிருந்தே பார்த்தான்.

பிள்ளை சொல்லி எழுதவைத்தவை ஆயிரக்கணக்கான பாடல்கள். இன்று அவற்றை எத்தனை பேர் படிக்கிறார்கள்? புலமைக்காரர்கள் சிலர். ஆனால் அவர் இறந்து ஐம்பத்தேழு வருஷம் கழித்து, 1933இலும் 1934இலுமாக உ.வே.சா. இரண்டு பாகமாக வெளியிட்ட பிள்ளையின் சரித்திரத்தைப் படிக்கிறோம். ‘என் சரித்திர’த்தையும் படிக்கிறோம். பிள்ளையின் கடன், வறுமை, மாணவர்மேல் இருந்த வாஞ்சை, எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த கவித்துவம் எல்லாமே அந்தப் பக்கங்களில்தான் உயிரோடு இருக்கின்றன. “இதை எழுது” என்று அவர் ஒருபோதும் சொல்லாத விஷயங்கள். உ.வே.சா.விடம் குருபக்தி அதிகம், குறை சொல்லும் இடங்களில் குரல் தாழ்ந்துவிடுகிறது என்ற விமர்சனம் எனக்கும் உண்டு. ஆனாலும், சொன்னதை எழுதிய கையே சொல்லாததையும் பிறகு எழுதியது என்பதுதான் நம் உரைநடைக்குக் கிடைத்த லாபம்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பதினோரு வயதில் நானும் எழுத்தராக இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் பம்பாயில். மாசம் ஒரு இன்லேண்ட் லெட்டர். அக்கா சொல்லும், நான் எழுதுவேன். “அன்புள்ள கணவருக்கு, நலம், நலமறிய ஆவல்” என்பதெல்லாம் என் கைச்சரக்கு. அக்கா சொன்னது வேற மாதிரி இருக்கும். ஒருநாள் ரேஷன், பிள்ளைக்குக் காய்ச்சல், ஓடு மாத்தணும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அதே குரலில், “உங்கம்மா எனக்கு அரிசிய அளந்து போடறா” என்றது. நானும் எழுதினேன்.

“என்னடா எழுதுன இப்ப?”

“நீங்க சொன்னதுதான்க்கா.”

“அட அறிவுகெட்டவனே, அது உனக்குச் சொன்னது. அடிச்சுரு.”

அடித்தேன். வாத்தியார் திட்டுவாரே என்கிற மாதிரி நன்றாகவே அடித்தேன். அடுத்த மாசம் பதில் வந்தது. படித்துக் காட்டுவதும் நான்தானே. அடித்த வரியில் என்ன இருந்தது என்று அவர் கேட்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எழுத்துப் பிழைன்னு எழுது” என்றது. அப்படியே எழுதினேன், பிழையில்லாமல்.

அந்த வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடிதங்களில் வேறு எதுவும் ஞாபகம் இல்லை. எது எழுத, எது எனக்கு என்று கேட்கத் தெரியாத எழுத்தராக இருந்தேன். கேட்டிருந்தால் ஒருவேளை அந்த வரியையே வேறு விதமாக, பம்பாய்க்காரருக்குப் புரியும்படி, அக்காவுக்கு வம்பு வராதபடி எழுதியிருக்கலாமோ என்னவோ.

இப்போது போன் கேட்டு எழுதுகிறது. இதைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. கண் தெரியாதவர்க்கும் கை நடுங்குகிறவர்க்கும் தமிழ்த் தட்டச்சு வராத பெரியவர்க்கும் இது பெரிய விடுதலை. அந்த அக்கா இன்று இருந்தால் என் தயவு தேவையில்லை, நேராகவே பேசி அனுப்பலாம். இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தில் பாதி நான் போனிடம் சொன்னதுதான். ஆனால் அது எதையும் கேட்பதில்லை. ‘அறம்’ என்றேன், ‘அரம்’ என்று போட்டது ஓரிடத்தில். தப்பு என்பதல்ல என் புகார், பையன்களும் தப்புப் போட்டவர்கள்தான். நிற்காமல் போட்டது என்பதே புகார். விநாயகரின் நிபந்தனையை அது முழுசாக நிறைவேற்றிவிட்டது, எழுதுகோல் நிற்பதே இல்லை. வியாசரின் நிபந்தனையை யாரும் அதனிடம் வைக்கவில்லை. “இவனை எனக்குப் பிடிக்கல” என்று அது நடுவில் சொல்லாது. நாளைக்கு என்னைப் பற்றி என் கடனோடும் வாஞ்சையோடும் ஒரு சரித்திரம் எழுதப்போவதும் இல்லை.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். போனிடம் சொன்னதை ஒரு மனுஷருக்கு வாசித்துக் காட்டாமல் வெளியே விடுவதில்லை. இந்தக் கட்டுரையை என் மனைவிக்கு வாசித்தேன். மில்டன் மகள் வரும் இடத்தில், “அந்தப் பொண்ணு அந்த வரிகளை ஆசையா சொல்லியிருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றாள். நின்றேன். பதில் இல்லை. ஆனாலும் அந்தப் பத்தியை மாற்றவில்லை. அவள் கேட்டதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.